கணக்குக் கேட்டால் அபிஷேகத்தைத் தொடுவதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சபைப் பொறுப்பாளர்களின் நிதி நிர்வாகம் பற்றிச் சென்ற மாதம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்குப் பதிலாக ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை இந்த வாரம் வெளியிட்டிருக்கிறீர்கள். கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்களை, அதாவது தம் வேலைக்கென்று பிரித்தெடுத்தவர்களைத் தொடக்கூடாது என்று வேதம் சொல்லும்போது ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்க விசுவாசிக்கு என்ன உரிமை, அதிலும் சபை விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. மனவருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறார். அதனால் நானும் பொறுமையாகப் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், வேத வசனங்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் போதகர் இல்லை. இறையியல் கல்லூரியில் படித்தவளும் இல்லை. ஒரு சபையில் 14 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகளைக் கொட்டி எண்ணுகிற அந்த மேசையில் உட்கார்ந்த அனுபவமும், அந்த மேசைக்காகத் திரும்பத் திரும்ப வேதத்தைப் புரட்டிய பழக்கமும்தான் என்னிடம் இருக்கின்றன.

முதலில் வாசகர் சொன்ன வசனத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கீதம் 105, 15-ஆம் வசனம். அதிலேயே நின்றுவிடாமல் 12-லிருந்து வாசித்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேர், பரதேசிகள், ஒரு ராஜ்யத்தை விட்டு மறு தேசத்துக்கு அலைந்தவர்கள் என்று சங்கீதக்காரர் சொல்கிறார். இவர்களைத் தொடாதே என்று கர்த்தர் யாரைப் பார்த்துச் சொன்னார்? ராஜாக்களைப் பார்த்து. அவர்களுக்காக ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று முந்தின வசனத்திலேயே இருக்கிறது. அதிகாரம் உள்ளவர் கையிலிருந்து, கேட்க நாதியில்லாதவர்களைக் காப்பாற்றிய வார்த்தை அது. மேடையில் மைக்கைப் பிடித்திருக்கிறவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற விதவையைப் பார்த்து இதே வசனத்தைச் சொல்லும்போது, ராஜா இருக்க வேண்டிய இடத்தில் விதவையும் பரதேசி இருக்க வேண்டிய இடத்தில் தலைவரும் வந்துவிடுகிறார்கள்.

தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தொடவில்லையே என்பார்கள். உண்மைதான். 1 சாமுவேல் 24-இல் கெபிக்குள், அதாவது குகைக்குள், சவுல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆனால் அதோடு அதிகாரம் முடியவில்லை. தாவீது கெபியை விட்டு வெளியே வந்து சவுலைக் கூப்பிட்டு, தரைமட்டும் குனிந்து வணங்கி, கையிலிருந்த துண்டைக் காட்டி, என்னை ஏன் இப்படித் தேடி அலைகிறீர், கர்த்தர் நமக்கு நடுவில் நியாயம் விசாரிக்கட்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். மரியாதையும் இருந்தது, கேள்வியும் இருந்தது, கையில் அத்தாட்சியும் இருந்தது. பிறகு அதே தாவீது அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்து தப்பு செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்றார். என்னைக் கேட்க நீ யார் என்று தாவீது திருப்பிக் கேட்கவில்லை. கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்றார்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் உறவுக்காரர்கள் அல்லாத இரண்டு பேர் காணிக்கையை எண்ணுவார்கள். மூன்றாவது ஆள் எழுதுவார். அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மூவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது கமிட்டி இல்லை, அப்போதைய போதகரே. பைகளைப் பிரிக்கும் நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் போய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தொகையைச் சொன்னதும் ஜெபம் பண்ணுவார், போய்விடுவார். நான் புதிதாகப் பொறுப்புக்கு வந்த சமயம், ஏன் ஐயா இப்படித் தள்ளி நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் பிரசங்கம் பண்ண வேண்டியவன் அம்மா. என் மேல ஒரு சந்தேகம் விழுந்துட்டா அந்த ஆளோட காதுல பிரசங்கம் ஏறாது. என் கை சுத்தமா இருந்தா மட்டும் போதாது, அதை நீங்க பாத்திருக்கணும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது வயதான ஒரு அம்மா அவர் கையில் ஒரு கவரைத் திணித்தார். "உங்களுக்கு இல்ல ஐயா, ஊழியத்துக்கு" என்றார். அவர் அதைச் சட்டைப் பையில் போடவில்லை. பைபிளுக்குள்ளும் வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கவரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். அந்த அம்மா கையாலேயே பிரிக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கூச்சம். "சின்னத் தொகை ஐயா, இதுக்கு எதுக்கு ரசீது" என்று பின்வாங்கினார். "சின்னதா பெருசான்னு எனக்கு எப்படித் தெரியும்? கர்த்தருக்குத்தான் தெரியும். நாம எழுதிடுவோம்" என்று சொல்லிவிட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வாசலில் அவருக்காகக் காத்திருந்தவர்களில் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். காத்திருந்தார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவரைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். யார் என்று அடையாளம் தெரிகிற எதையும் சொல்லவும் மாட்டேன். ஒரு நாள் வவுச்சர் ஒன்று என் முன்னால் வந்தது. "ஊழியப் பயணம்" என்று எழுதியிருந்தது. எங்கே, எப்போது, யார் யார் என்று எதுவும் இல்லை. தொகை எழுதும் கட்டமும் காலி. முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்றார்கள். நான் பில் கேட்டேன். தேவமனிதரிடமா பில் கேட்கிறீர்கள் என்றார் அவர். அடுத்த கூட்டத்தில் எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஜெபிக்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏற்பட்ட வலி இன்றும் போகவில்லை. ஒருவரைப் பற்றிக் கர்த்தரிடம் பேசுகிற மாதிரி சபைக்கு முன்னால் அவமானப்படுத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஜெபத்தை மதிக்கிற எவருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்தில்தான் எனக்கு எதிராக 2 இராஜாக்கள் 12:15 வாசிக்கப்பட்டது. ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையில், பணத்தைப் பெற்றுக்கொண்ட மனுஷரிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அந்த வசனம் சொல்கிறது. நல்ல வசனம். வீட்டுக்கு வந்து அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம்வரை ஆசாரியர்கள் பணத்தை வாங்கினார்கள், ஆலயத்தை மட்டும் பழுதுபார்க்கவில்லை. ராஜா கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். இனி நீங்கள் பணம் வாங்க வேண்டாம் என்றார். அதன் பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, எல்லாரும் நுழைகிற வழியில் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர். எண்ணி, அளந்து, அதன் பிறகுதான் வேலையை நடத்துகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். இத்தனையும் நடந்து முடிந்த பிறகு வருவது 15-ஆம் வசனம். துவாரம் போட்ட பெட்டியையும் இரண்டு பேர் எண்ணியதையும் தாண்டிக் குதித்துவிட்டு அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்தால், ராஜா கேட்ட கேள்விக்கு அந்த ஆசாரியர்கள் பதிலாகச் சொல்லியிருக்கக்கூடிய வசனமாகவே அது மாறிவிடும்.

எஸ்றாவின் 8-ஆம் அதிகாரம் எனக்கு இதைவிடவும் பிடிக்கும். பொருளாளர் பொறுப்புக்கு வருகிற யாரும் முதலில் வாசிக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஆலயத்துக்கான பொன்னும் வெள்ளியும் போகிறது. 650 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளி, 100 தாலந்து பொன், அதற்கு மேல் பாத்திரங்கள். வழியெல்லாம் கொள்ளைக்காரர் பயம். ராஜாவிடம் குதிரைவீரரைத் துணைக்குக் கேட்க எஸ்றாவுக்கு வெட்கம். எங்கள் தேவன் எங்களைக் காப்பார் என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அதனால் அகாவா நதியருகில் எல்லாரையும் உபவாசம் இருக்கச் சொல்லி ஜெபித்தார். அப்படிப்பட்ட விசுவாசம். அந்த எஸ்றா அடுத்துச் செய்த காரியத்தைப் பாருங்கள். ஆசாரியரில் தலைவர்களாகிய 12 பேரைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் அவர்கள் கையில் நிறுத்துக் கொடுத்தார். நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள், எருசலேமில் நிறுத்து ஒப்புவிக்கும்வரை விழிப்பாயிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்றார். எருசலேம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் எல்லாம் மறுபடி எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, நிறை அப்போதே எழுதிவைக்கப்பட்டது.

கொள்ளைக்காரர் விஷயத்தில் படையே வேண்டாம், தேவன் போதும் என்றவர், ஆசாரியர் விஷயத்தில் தராசு வேண்டும் என்றார். பரிசுத்தமானவர்கள் என்று சொன்ன அதே வாயால் நிறுத்து ஒப்புவியுங்கள் என்றும் சொன்னார். அந்தப் 12 பேரில் ஒருவராவது முகம் சுளித்ததாக எழுதியில்லை. நாலு மாதப் பயணம் முடிந்து, இந்தா நீ கொடுத்தது, நிறை சரியாக இருக்கிறதா பார் என்று தலைநிமிர்ந்து ஒப்படைக்கிற சந்தோஷம் அவர்களுக்குக் கிடைத்தது. தராசு இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சந்தோஷமும் கிடைத்திருக்காது.

பவுலிடம் வருகிறேன். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தார். புதிய ஏற்பாட்டில் இவ்வளவு விவரமாகப் பேசப்படுகிற பணக் காரியம் வேறு இல்லை. 1 கொரிந்தியர் 16-இல், பணத்தை யார் கொண்டுபோக வேண்டும் என்று நீங்களே தெரிந்தெடுங்கள், நான் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார். 2 கொரிந்தியர் 8-இல் தன் உடனூழியர் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்த ஆள். பவுல் எருசலேமுக்குப் புறப்பட்டபோது கூடப் போனவர்கள் என்று அப்போஸ்தலர் 20:4-இல் 7 பேர் சொல்லப்படுகிறார்கள். பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று பல இடத்து ஆட்கள். சபைகள் பணத்தோடு அனுப்பிய பிரதிநிதிகள் இவர்கள் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஏன் இத்தனை ஏற்பாடு என்றால், இந்தப் பெரிய தொகையைப் பற்றி யாரும் எங்களைக் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று பவுலே காரணம் சொல்லிவிட்டு, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" என்கிறார். கர்த்தருக்குத் தெரியும் என்பது அப்போஸ்தலருக்கே போதவில்லை.

கொரிந்து சபை அவரைச் சந்தேகப்படவும் செய்தது. தந்திரமாக எங்களிடம் வாங்கிவிட்டார் என்று சிலர் பேசியிருக்கிறார்கள் என்பது 2 கொரிந்தியர் 12-ஐ வாசித்தால் தெரிகிறது. அவர் சாபம் விடவில்லை. நான் அனுப்பின யாராவது உங்களிடம் ஆதாயம் தேடினார்களா, தீத்து தேடினானா என்று பெயரைச் சொல்லியே கேட்டார்.

வாசகர் ஒருவேளை 1 கொரிந்தியர் 4:3-ஐ எடுத்துக்காட்டலாம். மனுஷர் என்னை விசாரிப்பது எனக்கு அற்பக் காரியம் என்று பவுல் அங்கே சொல்கிறார். அதையும் யோசித்துப் பார்த்தேன். அதே இடத்தில் 5-ஆம் வசனம், கர்த்தர் வரும்போது இருதயத்தின் யோசனைகளை வெளிப்படுத்துவார் என்கிறது. பவுல் அங்கே மனுஷர் கையில் கொடுக்க மறுப்பது இருதயத்தைப் பற்றிய தீர்ப்பை. சரி, யாருடைய இருதயத்தையும் நான் நியாயந்தீர்க்கவில்லை. மேசையில் இருக்கிற வவுச்சரை மட்டும் கேட்டேன். மேலும் அதற்கு முந்தின 2-ஆம் வசனம் உக்கிராணக்காரன் (பிறர் பொருளைப் பொறுப்பாக நிர்வகிக்கிறவன்) உண்மையுள்ளவன் என்று "காணப்படுவது" அவசியம் என்கிறது. காணப்பட வேண்டும் என்றால் யாராவது பார்க்க வேண்டும் அல்லவா?

இதெல்லாம் இந்தக் காலத்துச் சந்தேகப் புத்தி என்று நினைக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட, பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று அழைக்கப்படும் டிடாக்கே என்ற நூல், ஊர் ஊராக வருகிற ஊழியக்காரரைச் சபை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறது. கர்த்தரைப் போல வரவேற்றுக்கொள். ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். புறப்படும்போது அடுத்த இடம் போய்ச் சேரும்வரைக்கான அப்பம் கொடு. பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்குப் பணம் கொடு என்றால் காது கொடுக்காதே, இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை யாரும் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்றும் இருக்கிறது. 451-இல் ஆயர்கள் கூடிய கல்சிதோன் சங்கம், ஒவ்வொரு ஆயரும் சபைச் சொத்தைத் தனியாக நிர்வகிக்காமல் குருக்களில் ஒருவரை உக்கிராணக்காரராக நியமிக்க வேண்டும் என்று 26-ஆம் விதியை இயற்றியது. நிர்வாகம் சாட்சி இல்லாமல் நடக்கக்கூடாது என்பது அந்த விதியிலேயே சொல்லப்பட்ட காரணம். 398-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயராக வந்த யோவான் கிறிசோஸ்தோம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, பொருளாளரின் கணக்கை வரவழைத்துப் பார்த்தது. ஆயர் மாளிகையின் ஆடம்பரச் செலவை வெட்டி மருத்துவமனைக்கு மாற்றினார். அவரைப் பிடிக்காமல் போனவர்கள் பட்டியலில் அவருடைய சொந்தக் குருக்களே இருந்தார்கள். 407-இல் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார்.

இவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு. இரண்டாம் நூற்றாண்டில் பிலிப்பி சபைக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அந்தச் சபையில் மூப்பராக, அதாவது சபைத் தலைவர்களில் ஒருவராக இருந்த வாலன்ஸ் என்பவர் பண ஆசையில் விழுந்துவிட்டார். பொலிக்கார்ப்பு அவர் பெயரை மறைக்கவில்லை. அவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் மிகவும் துக்கப்படுகிறேன், கர்த்தர் அவர்களுக்கு உண்மையான மனந்திரும்புதலைத் தருவாராக என்று எழுதிவிட்டு, அவர்களைச் சத்துருக்களாக எண்ணாதீர்கள், வழிதப்பிய அவயவங்களாக நினைத்துத் திரும்பக் கூப்பிடுங்கள் என்கிறார். என்னைப் பற்றி அப்படி ஜெபித்தவருக்காக நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கடிதத்தில்தான்.

அடுத்து, பத்திரிகை விஷயம். மத்தேயு 18-இல் இயேசு வரிசை சொல்லியிருக்கிறார். முதலில் தனியாகப் போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம் சபைக்குத் தெரிவி. நான் அந்த வரிசையில்தான் போனேன். மூன்றாவது படியில் கதவைச் சாத்திவிட்டார்கள். சபைக் கூட்டத்தில் கணக்கு என்ற தலைப்பே நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் போனது. எங்கெல்லாம் அந்தக் கதவு சாத்தப்படுகிறதோ அங்கெல்லாம்தான் விஷயம் தெருவுக்கு வருகிறது. அதற்குப் பத்திரிகையைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பத்திரிகையால் நல்லது நடந்ததும் உண்டு. 1950-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் கூட்டங்கள் முடிந்தபோது, காணிக்கைப் பைகளோடு நிற்கிற ஊழியர்களின் படத்தையும், சிரித்துக்கொண்டே விடைபெறுகிற அவர் படத்தையும் ஒரு செய்தித்தாள் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அந்தப் பத்திரிகையைச் சாத்தான் என்று சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் தனக்காக எடுக்கப்பட்ட அன்பின் காணிக்கையை விட்டுவிட்டு, நிறுவனத்தில் நிலையான சம்பளம் வாங்கும் ஏற்பாட்டுக்கு மாறினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1948-இல் மொடெஸ்டோ நகரில் அவரும் அவருடைய உடனூழியர்களும் சேர்ந்து, சுவிசேஷகர்கள் எங்கே விழுகிறார்கள் என்று யோசித்து நான்கு விஷயங்களில் தீர்மானம் எடுத்திருந்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளோடு போட்டி, எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்குவது.

அந்த நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மிஷன் அறிக்கைகளை வருடக்கணக்கில் கோப்பில் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அது பணத்தைவிடச் சின்ன விஷயம் இல்லை. இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வருகிற எண், அடுத்த வருடம் அதே பணித்தளத்தில் எங்கே போனது என்று தெரியாது. ஒரே புகைப்படம் இரண்டு வருட அறிக்கையில் வேறு வேறு குறிப்போடு வந்ததை நானே பார்த்தேன். விசாரித்தபோது அந்தப் பணித்தள ஊழியர் சொன்ன பதில் என்னைத் தலைகுனிய வைத்தது. "எண்ணிக்கை குறைஞ்சா சப்போர்ட்டும் குறையும்னு எழுதியிருந்தீங்க அம்மா" என்றார். எழுதியது எங்கள் கமிட்டி. அந்தப் பொய்யில் எங்களுக்கும் பங்கு இருந்தது.

அதனால் கேட்கிற பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். போதகருக்குக் குடும்பம் நடத்தக்கூடப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் புது நாற்காலி வந்தால் முறைத்துப் பார்க்கிற கமிட்டிகள் இருக்கின்றன. 1 தீமோத்தேயு 5-இல் சபையை நன்றாக நடத்துகிற மூப்பர்களுக்கு இரட்டிப்பான கனம், வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று எழுதியிருப்பதும் அதே பவுல்தான். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் இந்திய ஊழியரான வி. எஸ். அசரியா மிஷனெரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பணம் அனுப்புகிறவர் எஜமானாக இருந்து கணக்குக் கேட்பதற்கும், நண்பராக உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பணித்தள ஊழியர் முகத்தில் பார்த்தேன். அதன் பிறகு அறிக்கைப் படிவத்திலிருந்து எண்ணிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தலைவரைக் கேட்கக் கூடாது என்று பழகிய சபை, பணத்தைவிடப் பெரிய தீமை நடக்கும்போதும் கேட்பதில்லை. மூப்பருக்கு விரோதமான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற 1 தீமோத்தேயு 5:19-ஐ, தனி அறையில் அநியாயம் செய்யப்பட்ட ஒரு பெண்ணிடமோ குழந்தையிடமோ காட்டுகிறார்கள். சாட்சி இருக்கிற இடத்திலா அந்தத் தப்பு நடக்கும்? பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிற 20-ஆம் வசனத்தை அப்போது யாரும் வாசிப்பதில்லை. அப்படிப்பட்ட புகார் வந்தால் கமிட்டி கூடிப் பேசிக்கொண்டிருக்காமல் காவல் துறையிடம் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

முதலில் சொன்ன போதகர் ஓய்வு பெற்ற நாளைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பிரிவுபசாரக் கூட்டத்தில் எல்லாரும் பாராட்டிப் பேசி முடித்த பிறகு அவர் எழுந்து 1 சாமுவேல் 12:3-ஐ வாசித்தார். வயதாகிப்போன சாமுவேல் ஜனங்களுக்கு முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சொல்லுங்கள், திரும்பக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்கிற இடம். வாசித்துவிட்டு பைபிளை மூடினார். "நானும் கேட்கிறேன்" என்றார். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நிமிடம் இருக்கும், பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். அன்றைக்கு கவர் கொடுத்த அதே அம்மா.

"மழைக்கு என் குடையை வாங்கிட்டுப் போனீங்க ஐயா" என்றார்.

யாரோ அவரை உட்காரச் சொல்லி இழுத்தார்கள். போதகர் கையைக் காட்டி அவர்களைத் தடுத்தார். "ஆமா அம்மா, மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான்தான் அன்றைக்கு மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். "எழுதிக்கோங்க" என்றார். எழுதினேன். மறுநாள் காலை அவர் அந்த வீட்டுக்குக் குடையோடு போனார். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசித்தபோது, அது திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்று அவருக்குப் பதிலாகத் தலைமை தாங்கியவர் கேட்டார். கொடுக்கப்பட்டது என்று அந்த அம்மாவே எழுந்து சொன்னார்.

இப்படிக்கு,
சபைப் பொருளாளராக இருந்த ஒரு வாசகி